நாற்பது சதவீதம்

ஆவணி 6, வியாழன்

மகளின் காதணி விழாவுக்கு பேனர் சொல்லியிருந்த கச்சிராயபாளையத்து அக்கா இன்று கடைக்கு வந்தார். நான் செய்து வைத்திருந்ததைத் திரையில் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னா தம்பி இது? உயிரோட இருக்கிற மனுஷன மேகத்துல ஏத்திட்ட?"

அவர் கணவர் சவுதியில் இருக்கிறார். வாட்ஸப்பில் வந்த படம் புள்ளி புள்ளியாக உடைந்து தெரிந்தது. அதை மறைக்க அவர் படம் இருந்த லேயரை நாற்பது சதவீதத்துக்கு மங்கலாக்கி, மகளுக்குப் பின்னால் மேகம் போல வைத்தேன். இறந்தவர்களை அப்படித்தான் வைப்போம். தினமும் செய்கிற வேலை. எப்படி மறந்தேன்?

"மன்னிச்சிடுங்கக்கா." மங்கல் குறைய அளவைக் கூட்டினேன். அறுபது. எண்பது.

"அவுரு போன்ல பேசி மூணு மாசம் ஆவுது. ஊரே ஒரு மாதிரி கேக்குது. நீ வேற பேனர் கட்டி சொல்லிடாத."

நூறு. முகம் உடைந்துதான் தெரிந்தது. ஆனால் மகளுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றார். அக்கா திரையை நெருங்கி வந்தார்.

"இதுக்கு மேல ஏத்த முடியாதா?"

நூற்றுக்கு மேல் கிடையாது. அதே லேயரை நகலெடுத்து அதன் மேலேயே வைத்தேன். படத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ஆங், இப்பதான் நல்லா தெரியிறாரு" என்றார்.