மும்முறை முழங்கிய கேள்வி

என் நெஞ்சாளும் நல்லாளே, நீயும் குழந்தையும் நலந்தானே? நான் நலமே.

நேற்று இந்த அயல்நாட்டு அரங்கில் கணினியால் அமைதியூட்டும் இசை நிகழ்த்தியபோது, மழையோசைக்குப் பதிலாக நீ அனுப்பிய குரற்பதிவைத் தொட்டுவிட்டேன். குக்கர் விசிலோடு உன் குரல் எழுந்தது: “சாப்பிட்டீங்களா, இல்ல அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழுறீங்களா?” மென்பொருளோ அதைத் தாளம் பிசகாமல் மும்முறை முழங்கியது. வேலை போயிற்றென்றே எண்ணினேன். தமிழறியாத அவையோ கண்மூடி, முகிலில் மிதப்பதுபோல் மெல்ல அசைந்தது. அரங்கமே நம் சமையலறையாயிற்று.

“என்ன அருமையான தாலாட்டு! அடுத்த வாரமும் போடுங்க” என்று தம் மொழியில் பாராட்டினார் மேலாளர்.

எனவே இன்னும் பேசி அனுப்பு; வசையாயினும் வாழ்த்தே! அடுப்பை அணைத்துவிடாதே, அந்த விசிலும் வேண்டும். வேலைக்காகத்தான்.

ஒத்திகைக்கு அழைக்கிறார்கள். நீ கேட்டாயே, சாப்பிட்டீங்களா அழுறீங்களா என்று? இரண்டுந்தான்.

உன்னவன்