தொறந்து கெடந்த சம்ப்பு

லவினா, பாப்பா பக்கத்துல பியாட்ரிஸ் வீட்ல தூங்குது. ரசம் அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்கோம்மா.

நேத்து ஒங்கிட்ட சொல்ல வாயே வரல. தண்ணி வந்துச்சுன்னு தரைக்குள்ள இருக்குற சம்ப்புத் தொட்டி மூடிய தொறந்து வெச்சிட்டு, பக்கத்துலயே குந்திக்கினு போன் பாத்தேன். ஒரு வீடியோ முடிஞ்சா இன்னொண்ணு வருது, கை நிக்கல. நிமிந்தா பாப்பா சம்ப்பாண்ட குனிஞ்சி உள்ள எட்டிப் பாக்குது! பியாட்ரிஸ்தான் ஓடியாந்து கவுன புடிச்சி இழுத்துச்சு.

சம்ப்புக்கு பூட்டு வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போறேன். இத போன்லயே டைப் பண்ணி ஃப்ரிட்ஜ் மேல வெச்சிருக்கேன். போன நீயே வெச்சிக்கோ. பேசணும்னா கேட்டு வாங்கிக்கிறேன்.

இன்னொண்ணும்மா. எம்புள்ள ஷெர்வின்கிட்ட நானே சொல்றேன். ரெண்டு பேரும் எவ்ளோ வேணா திட்டுங்க. பாப்பாவ மட்டும் எங்கிட்ட வுடமாட்டேன்னு சொல்லிடாதீங்க.

– அத்தை