கடைசி மாதம் தங்கம்மாவுக்கு

6.1.1985, ஞாயிறு

கல்யாணமாகி நான் இந்த எஸ்டேட்டுக்கு வந்தபோது தொழிலாளர் லயத்தில் ஏழு கூட்டுச் சீட்டு ஓடியது. இப்போது, இன்று தொடங்கியதையும் சேர்த்து மூன்று. ஆளாளுக்குக் கூட்டை முடித்துக்கொண்டு, தானா ராத்தா டவுனில் புதிதாகத் திறந்த வட்டிக் கம்பெனியில் பணத்தைப் போடுகிறார்கள். டை கட்டினவன் சொன்னால் நம்பிவிட வேண்டியதுதான்!

பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் தங்கம்மா அக்கா இன்று புதுக் கூட்டு ஆரம்பித்தார். பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் ஐம்பது வெள்ளி. மாதம் ஒருவர் அறுநூறையும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டு பிடிக்கிறவர் முதல் மாதம் எடுப்பதுதான் வழக்கம். அக்கா தன் பெயரைக் கடைசியில் எழுதச் சொன்னார்.

"ஏன்க்கா?"

"என் காசு உள்ள கெடக்குற வரைக்கும் நான் எங்கயும் ஓட முடியாதுலா."

எனக்கு நவம்பர். மகள் ஜெயாவை ஈப்போவில் டைப்பிங் படிக்க வைக்க அதை விட்டால் வழியில்லை.

14.4.1985

என் வீட்டுக்காரர் போனஸ் முழுவதையும் அந்தக் கம்பெனியில் போட்டுவிட்டு வந்து சொல்கிறார். "காலத்துக்கேத்த மாதிரி மாறணும் சாரதா." நான் மாறவில்லை. என் ஐம்பது வெள்ளியை அக்காவிடமே கொண்டுபோய்க் கட்டினேன்.

11.8.1985

மற்ற இரண்டு கூட்டும் நின்றுவிட்டன. இனி அக்காவுடையது மட்டும்தான். அதிலும், தங்கள் முறைக்கு அறுநூறை எடுத்துக்கொண்ட இரண்டு பேர் மாதப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நவம்பரில் என்ன மிஞ்சும்? அக்காவிடம் கேட்கவும் கூச்சம்.

1.9.1985

பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கின் காய்கறித் தோட்டத்தில் அக்கா முட்டைக்கோசு வெட்டிக்கொண்டிருந்தார் — ஞாயிற்றுக்கிழமையில்! துருவிக் கேட்டதும்தான் தெரிந்தது, அந்த இரண்டு பேருடைய பணத்தையும் இப்படிச் சம்பாதித்துத்தான் கட்டுகிறார். அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன மனுஷி!

2.10.1985

கம்பெனிக் கதவில் பூட்டு. டை கட்டினவனையும் பணத்தையும் காணோம். வீட்டுக்காரர் எங்கள் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். சண்டை போடத்தான் போனேன். முகத்தைப் பார்த்ததும் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன்.

3.11.1985

அறுநூறு. ஒரு வெள்ளி குறையவில்லை. "எங்களுக்காக நீங்க ஏன்க்கா கோசு வெட்டணும்?" என்றேன், அழுகை வந்துவிட்டது.

"புள்ளைய பஸ் ஏத்துற வழியப் பாரு."

5.1.1986

ஜெயா நேற்று ஈப்போவுக்குப் போய்விட்டாள். இன்று புதுக் கூட்டு, பதினெட்டுப் பேர். முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தது என் வீட்டுக்காரர்!

"எனக்குக் கடைசி மாசம்" என்றார் அக்கா, வழக்கம்போல.

"இல்ல, எனக்குத்தான் கடைசி" என்றார் இவர். அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும் கடைசி மாதத்தையே கேட்டார்கள்.

"அப்ப முதல்ல யாரு எடுக்குறது?" என்று அக்கா சிரித்தார்.

இவர் நோட்டை வாங்கி, முதல் வரியில் 'தங்கம்மா' என்று எழுதினார்.