நூற்றுக்குப் பன்னிரண்டு என்றீர்களே, காக்கா

இந்தத் தங்கச்சியின் கைபிடித்து ஓதப் பள்ளிக்குக் கூட்டிப்போன காக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மகளின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. நிக்காஹும் நல்லபடியாக முடிந்தது. உங்கள் இடத்தில் மதினி வந்து நின்றா. அவவின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்முனையில் யார் கல்யாணம் பேசுவார்கள்? அந்த வீட்டுக்காகத்தான் நீங்கள் வேலை செய்த நிதிக் கம்பெனிக்கு வந்தேன். நான்கு இலட்சம் கடன், இரண்டு வருடத் தவணை. "நூத்துக்குப் பன்னிரண்டுதான் புள்ள. ஒன்ட காக்கா ஒன்னோட பொய் கதைப்பனா?" என்றீர்கள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வட்டி ஹராம் என்று ஓதி வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே கூசும்போது, அதை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று கேட்பது எங்கே? நம் ஊரில் பாதிப் பேர் இப்படி வெட்கத்தில்தான் கையெழுத்து வைக்கிறோம். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும்தானே?

ஒரு வருடம் கட்டி முடியுமுன் நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள். பள்ளியில் ஜனாஸா தொழுகைக்கு முன் உங்கள் மகன் எழுந்து, வாப்பாவில் குறையிருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்டானாம். என் கணவர் வீட்டுக்கு வந்து, "நம்மட பக்கத்தாலயும் பொருந்திட்டன்" என்றார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

பிறகு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கடனை முடித்துவிடலாம் என்று போனேன். உங்கள் கதிரையில் இப்போது ஒரு பெண்பிள்ளை இருக்கிறா. அவதான் விளங்கப்படுத்தினா. மாதாமாதம் கட்டக் கட்ட முதல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு நான்கு இலட்சத்துக்கும் போட்டிருக்கிறதாம். வருடத்துக்கு நாற்பத்தெட்டாயிரம், இரண்டு வருடத்துக்குத் தொண்ணூற்றாறாயிரம். மிஞ்சியிருக்கிற முதலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால், உங்கள் பன்னிரண்டு இருபத்தொன்றைத் தாண்டுகிறது, காக்கா.

"மிச்சத்துக்கு மட்டும் வட்டி போடுற லோனும் இருக்கே ராத்தா. சேர் ஏன் அதத் தரல்ல?" என்று கேட்டா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அதவிட இதுக்குத்தான் எங்களுக்கு கொமிஷன் கூட" என்றா.

கடன் எடுத்த அந்த வருடப் பெருநாளைக்கு நீங்கள் எனக்கொரு சாரி வாங்கித் தந்தீர்கள். அது எந்தக் காசு? அதை உடுத்திக்கொண்டு ஊரெல்லாம் உங்கள் பெருமை பேசினேனே, அப்போதும் சிரித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் உங்களிடம்தான் ஓடி வந்து சொல்லியிருப்பேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மதினிக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பக்கத்து வளவுப் பெண்கள் லோன் எடுக்கப் போனால் மட்டும் மறித்து, "மிச்சத்துக்கா வட்டி, முழுசுக்கா எண்டு கேட்டுப் போட்டுக் கையெழுத்து வைங்க" என்கிறேன். வட்டியைப் பற்றிக் கதைக்கிறேன் என்று முகம் சுளிக்கிறார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

ஐந்து நேரமும் உங்களுக்காக துஆ கேட்கிறேன், அதை விடமாட்டேன். ஆனால் பள்ளியில் பொருந்தியது என் கணவர், நானில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை. எனக்கும் மனம் இளகும் நாள் வந்தால், இந்தத் தடவை நானே என் வாயால் சொல்வேன் காக்கா. அதுவரை எனக்காகக் காத்திருங்கள்.

இன்னும் பொருந்தாத,
உங்கள் ஒரே தங்கச்சி