மைனர் சீனுவாசனுக்காக

பெருமுக்கல்,
4 ஏப்ரல் 1938

சிரஞ்சீவி சீனுவாசனுக்கு, சித்தப்பா சக்கரபாணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் அம்மா சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும்தான். பட்டணத்து அச்சாபீஸ் வேலை கண்ணைக் கெடுக்கும் என்கிறார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி.

நேற்று திண்டிவனம் தாலுகா கச்சேரிக்குப் போயிருந்தேன். தாசில்தார் உன் வயதைக் கேட்டார். அண்ணன் காலமானபோது மணியக்காரர் வேலையை உன் பேரில் பதிந்து, நீ மேஜராகும் வரை அதை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் அல்லவா? அந்தக் கெடு முடிந்துவிட்டது. ஜமாபந்திக்குள் நீ வந்து ஏற்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாமென்று எழுதிக் கொடுக்க வேண்டும். நீ வேண்டாமென்றால் அடுத்த வாரிசு நான்தானாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதினோரு வருஷமாக ஒவ்வொரு ரசீதிலும் ‘மைனர் சீனுவாசனுக்காக, சக்கரபாணி’ என்றுதான் கையெழுத்துப் போடுகிறேன். உன் பேரை நீ எழுதியதைவிட நான் எழுதியதுதான் அதிகம். ஊரில் என்னையே மணியக்காரர் என்கிறார்கள். தீர்வை கட்டாதவன்கூடத் தோள் துண்டை இறக்கிவிட்டுத்தான் சந்தில் நழுவுகிறான்.

வீட்டில் வந்து சொன்னேன். “எம் புள்ள வர்றானா தம்பி?” என்று கேட்ட அண்ணி, கேப்பைக்களியைக் கிண்டவே மறந்துபோனார். அடிபிடித்துவிட்டது. வேண்டாமென்றும் எழுதலாம் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று தலையாரி சின்னக்கண்ணு உன் அறைக்கு வெள்ளையடிக்கிறான். சர்க்கார் ஆளை வீட்டு வேலைக்கு வைக்கலாமா என்றேன். “மணியக்காரர் ரூமுக்குத்தானே அடிச்சிக்கினு இருக்கான்” என்கிறார் அண்ணி. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆகையால் வா. அச்சாபீஸ்தான் பிடித்திருக்கிறதென்றால் அதையும் அம்மாவிடம் நேரில் வந்து சொல். வேலையை ஏற்றால், பரீட்சை இருக்கிறது, தேறிவிடுவாய். கர்ணம் எழுதும் கணக்கில் தலையிடாதே. வந்தவர்களை வெயிலில் நிற்க வைக்காதே. வெள்ளாமை பொய்த்தவன் வீட்டுக்குத் தலையாரியை அனுப்பாமல் நீயே போ.

ஜமாபந்தியில் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் மணியக்காரரைக் கூப்பிடுவார்கள். பெருமுக்கல் என்றதும் நான் பழக்கத்தில் எழுந்துவிடுவேன். நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள். யாரும் பார்ப்பதற்குள் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, நீ எழுந்து போ, அப்பா.

நீடூழி வாழ்க.

உன் சித்தப்பா,
சக்கரபாணி