பவளத்திட்டில் பத்து நிமிடம்

என் அன்புக்குரியவருக்கு,

உங்களிடம் சொல்லாமல் இன்று கடலுக்குள் இறங்கினேன். அந்தமானுக்கு என்னோடு வந்த தோழிகளே நம்பவில்லை. நான்கு வருடமாக, பஸ் காவிரிப் பாலத்தில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்பவள் அல்லவா நான்.

"கையை விட மாட்டேன்க்கா, மூச்சை மட்டும் நிதானமா விடுங்க" என்றாள் பயிற்சி கொடுத்த பெண். முதுகில் சிலிண்டரோடு இறங்கினோம். கீழே மஞ்சளும் ஊதாவுமாய்ப் பவளம் பரந்து கிடந்தது. பாறை என்று நான் நினைத்தது அத்தனையும் உயிராம். பாதுகாக்கப்பட்ட இடம், விரல்கூடப் படக்கூடாதாம். மீன்கள் கூட்டமாக வந்து எனக்கு வழிவிட்டு விலகின. அண்ணாந்து பார்த்தேன். அத்தனை ஆழத்திலும் தலைக்குமேல் வெயில் அசைந்துகொண்டிருந்தது.

தண்ணீருக்குள் நம் மகன் கடைசியாகப் பார்த்தது இருட்டைத்தான் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

ஊருக்கு வந்ததும் என்னைக் காவிரிக்கு, அம்மா மண்டபம் படித்துறைக்குக் கூட்டிப் போங்கள். நீங்களும் இறங்குங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி