கைப்பிடி வைத்த கவுன்

அன்புள்ள என்னவருக்கு,

கடல் உங்களை நலமாக வைத்திருக்கட்டும். குட்டி சுகமாக இருக்கிறாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கடிதத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

போன வாரம் உங்கள் அக்கா அவளைத் தன் தையல் கடைக்குக் கூட்டிப்போனார். வாசலில் பூனையைப் பார்த்துவிட்டு இவள் ரோட்டில் இறங்கி ஓட, எதிரே லாரி. அண்ணி எட்டி அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டார். லாரி போய்விட்டது. குட்டியின் கைதான் அப்படியே தொங்கிவிட்டது. தொட்டாலே வீறிட்டாளாம்.

எலும்பு முறிந்துவிட்டது என்று நினைத்து உங்கள் அக்கா என்ன செய்தார் தெரியுமா? மரஸ்கேலை வைத்து, லைனிங் துணியைச் சுற்றி, ஊசி நூலால் தைத்தே விட்டார்! அழுதுகொண்டே தைத்தும் ஒரு தையல்கூடக் கோணவில்லை. டாக்டரம்மா பிரிக்க முடியாமல் திணறி, "கட்டுப் போட்டுட்டு வருவாங்க. கட்டைத் தைச்சுட்டு வந்தது நீங்கதாம்மா" என்று சிரித்துவிட்டார்.

முறிவு இல்லையாம். முழங்கையில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. மடக்கி நீட்டுவது கதவுக் கீல் மாதிரி. உள்ளங்கையைத் திருப்பும்போது மட்டும், கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலை ஒரு நார் வளையத்துக்குள் சுழலுமாம். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வளையம் இறுகியிருக்காது. நீட்டிய கையைச் சட்டென்று இழுத்தால் நழுவி, எலும்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். டாக்டரம்மா உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, முழங்கையை மடக்கினார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் உங்கள் மகள் அதே கையால் அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கினாள். "வளர்ற வரைக்கும் அக்குளைப் பிடிச்சுத் தூக்குங்க, கையைப் பிடிச்சு ஊஞ்சலாட்டாதீங்க" என்றார். இது உங்களுக்கும்தான், ஐயா!

குட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். அண்ணிதான் மறக்கவில்லை. அவள் கையைத் தொடவே மாட்டேன் என்கிறார். தொடாமல் ரோட்டில் எப்படிக் கூட்டிப்போவது? எல்லாக் கவுனுக்கும் முதுகுப் பக்கம், பைக்கு வைப்பது போல ஒரு கைப்பிடி தைத்துவிட்டார்! பார்த்துச் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அழுதேன். நேற்று, "கடை மாடியிலேயே ரூம் பார்த்துட்டேன்மா. இனிமே என்னை நம்பிப் பிள்ளைய விடாதே" என்றார். மாதக் கடைசியில் போகிறாராம். நான் எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. அவர் இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை. குட்டி தினமும் அவர் முன்னால் போய்க் கையை நீட்டுகிறாள். அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

அந்த லாரி எவ்வளவு நெருக்கத்தில் வந்தது என்று எதிர் டீக்கடைக்காரர் என்னிடம் சொன்னார். அதை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

இது உங்களுக்குத் துறைமுகத்தில் கிடைக்கும். கரையேறியதும் முதல் போன் எனக்கு வேண்டாம், அக்காவுக்குப் போடுங்கள். தம்பி சொன்னால் கேட்பார். வேறொன்றும் பேச வேண்டாம். "என் பிள்ளை கையைப் பிடிச்சுக்கோக்கா" என்று மட்டும் சொல்லுங்கள்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்களவள்